கூடை நாயிடம் போகக் கூடாது

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது பாஸ். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஷிப்ட் முடியும்போது மெஷின் பக்கத்தில் தொங்கும் அட்டையில்தான். எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட் ஆனது, அவ்வளவு. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கேண்டீனில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமென்றால்கூட தட்டை நீட்டிக்கொண்டு நிற்பேனே தவிர வாய்விட்டுக் கேட்க மாட்டேன். இப்படிப்பட்டவன் இன்னொருவரைப் பற்றி எழுதலாமா என்று தெரியவில்லை. அதிலும் இந்த அம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை குறைவுதான். படித்து முடித்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் லைன் வீடுகளில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வெளியிலிருந்து காரில் வருகிறவர்கள் "நாய்க்கார அம்மா வீடு எதுங்க?" என்று கேட்பார்கள். நாங்கள் ஐந்தாவது கதவைக் காட்டுவோம். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

ஓசூரில் பாகலூர் ரோட்டை விட்டு உள்ளே வந்தால், கம்பெனிகளின் பின்சுவரை ஒட்டிப் போட்ட லேஅவுட் எங்களுடையது. ஒரே வரிசையில் ஆறு வாடகை வீடுகள், மேலே சிமென்ட் ஷீட். வீடுகளுக்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிமென்ட் தளம். துணி காய்வதும், பாத்திரம் கழுவுவதும், அக்கா நாய்களைப் பழக்குவதும் அங்கேதான். நான் நாலாவது வீட்டில் இருந்தேன்.

அக்கா முன்பு அத்திப்பள்ளியில் ஒரு நாய் டாக்டரிடம் பல வருஷம் வேலை செய்தவர். பெருக்குவது, துடைப்பது, ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது. அங்கே கடிக்கிற நாய் வந்தால் இரண்டு ஆள் மேலே உட்கார்ந்து, பேண்டேஜ் துணியால் வாயைச் சுற்றிக் கட்டுவார்களாம். ஒரு முறை அப்படிக் கட்டிய நாய் மேஜையிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போனது. அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்பார். பிறகு போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, நாய் தானாகவே வாய்க்கூட்டைப் போட்டுக்கொள்ளும்படி பழக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். "அவங்க பேசற பாஷ நமக்கு என்னா புரியும்? கையத்தான் பாப்பன். கை எங்க நிக்குதுன்னு பாத்தாப் போதும்" என்பார்.

வாய்க்கூடு என்றால் மாட்டுக்குக் கட்டுவோமே, அதேபோல நாய்க்கு. கம்பியில் ரப்பர் பூசியது. நாங்கள் கூடை என்றே சொல்வோம். நாய் அதற்குள்ளே வாயைத் திறக்கலாம், நாக்கைத் தொங்கப்போடலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். கடிக்க மட்டும் முடியாது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாய்க்குக் கூடை போடுவதற்கு முன்னால் அதன் சொந்தக்காரர் போட்டுக்கொள்ள வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் குவாரி வைத்திருந்த ஒருவர் ஒரு பெரிய கறுப்பு நாயைக் காரில் கொண்டுவந்தது நன்றாக நினைவிருக்கிறது. நாயின் வாயைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"எத்தன நேரமா கட்டியிருக்குது?" என்று அக்கா கேட்டார்.

"ஊட்ல ஏத்தறப்ப கட்டனதும்மா. ஒரு மணி நேரம் இருக்கும்."

"அதுக்கு நம்மளாட்டம் வேர்க்காது, தெரியுமா? நாக்க தொங்கப்போட்டுத்தான் சூட்ட ஆத்திக்கும். அதையும் கட்டிட்டியா?"

அந்த மனிதரை யாரும் நீ என்று பேசி அவர் கேட்டிருக்க மாட்டார். சிரித்து மழுப்பினார். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பெரிய கூடை ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"போட்டுக்கோ."

"எனக்கா?"

"இங்க அதான் மொற. இஷ்டமில்லன்னா வண்டியத் திருப்பு."

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தான். கடைசியில் அந்த மனிதர் மீசையோடு மூக்கையும் சேர்த்துக் கூடைக்குள் விட்டார். அக்கா பின்னால் போய் வாரை மாட்டி, வேண்டுமென்றே ஒரு ஓட்டை கூடுதலாக இழுத்தார்.

"இப்ப உன் பேரச் சொல்லு."

உள்ளேயிருந்து ஏதோ உறுமல் வந்தது.

"உன் நாயும் ஒரு மணி நேரமா இதத்தான் சொல்லிட்டு வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு, அக்கா உட்கார்ந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். குண்டான், தட்டு, டம்ளர் எல்லாம் கழுவிக் கவிழ்த்து முடிக்கும்வரை அந்த மனிதர் அப்படியே நின்றார். தானே கழற்றிக்கொள்ள அவருக்குக் கை வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. லைனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். வாரைக் கழற்றியபோது அவர் காதுக்குப் பின்னால் தோல் வழண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் சிரித்தேன்.

அடுத்த நிமிஷம் அக்கா அந்தக் கறுப்பு நாயின் முன்னால் தரையில் உட்கார்ந்து, வேகவைத்த ஈரல் துண்டை உள்ளங்கையில் வைத்து, "பா, பா, நன்ன ஜாண மரி" என்று கன்னடத்தில் கொஞ்சிக்கொண்டிருந்தார். வா, வா, என் கெட்டிக்காரக் குட்டி என்று அர்த்தம். நாய்களிடம் அவர் கன்னடத்தில்தான் பேசுவார். மனிதர்களிடம் தமிழில் திட்டுவார். "அவசரம் இருக்கறவன் பூன வளக்கட்டும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இன்னொன்றும் சொல்வார். "கூடை நாய்கிட்ட போகக் கூடாது. நாய்தான் கூடைகிட்ட வரணும். வரலன்னா ஒக்காந்து இரு. நாளைக்கு வரும். நாளைக்கும் வரலன்னா நாளன்னிக்கு வரும்."

எனக்கும் ஒரு நாய் இருந்தது. பெயர் தகடு. எங்கள் கம்பெனியின் ஸ்கிராப் யார்டில் தகடு வெட்டிப் போடும் மூலையில் கிடந்த நாட்டு நாய். வயிறு ஒட்டி அதுவும் தகடு மாதிரிதான் இருந்தது. ராத்திரியில் குரைக்கிறது என்று யாரோ கட்டுக்கம்பியால் அதன் வாயைச் சுற்றி முறுக்கிவிட்டிருந்தார்கள். நான் பார்த்தபோது கம்பி தோலுக்குள் போயிருந்தது. பிளையர் வைத்து வெட்டி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூக்குக்கு மேலே மோதிரம் போட்டதுபோல முடியில்லாத வளையம் ஒன்று அதற்குக் கடைசிவரை இருந்தது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நான் சத்தமாகப் பேசியது அந்த நாயிடம் மட்டும்தான்.

அது ஒரு நாள் கேஸ் சிலிண்டர் போடுகிறவரைக் கடித்துவிட்டது. சிலிண்டரைச் சங்கிலியால் கட்டித் தரையில் இழுத்துவந்தார். அந்தச் சத்தம் அதற்கு ஆகாது. கையில் நன்றாகவே கடி. அவரை ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போய் ஊசி போடவைத்துக் கூட்டிவந்தேன். மறுநாளே லேஅவுட் சங்கத்தின் செயலாளர் வந்துவிட்டார். ரிட்டையர் ஆன ஃபோர்மேன். இன்னும் எல்லோரையும் தனக்குக் கீழே கம்பெனி ஷாப் ஃப்ளோரில் நிற்கிறவர்களாகத்தான் நினைத்துப் பேசுவார்.

"இன்னிக்கு கேஸ்காரன். நாளைக்கு எங்க ஊட்டு ஆளுங்களக் கடிக்கும். மூணு வாரம் டைம் தர்றன். மூணாவது ஞாயித்துக்கெழம கமிட்டி வரும். எங்க முன்னாடி அது வாய்க்கூடு போட்டுட்டு அடக்கமா நிக்கணும். நிக்கலன்னு வெச்சுக்கோ, வண்டி வெச்சுத் தூக்கிட்டுப் போய் அஞ்செட்டி காட்டுல வுட்டுருவம். மிச்சத்த சிறுத்தை பாத்துக்கும்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையாட்டினேன்.

அன்று மாலையே ஒரு கூடை வாங்கிவந்து தகட்டுக்குக் காட்டினேன். கூடையைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. பிறகு கட்டிலுக்கடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் வெளியே வரவில்லை, சோறு தின்னவில்லை. அப்போதுதான் கூச்சத்தை விட்டு ஐந்தாவது கதவைத் தட்டினேன்.

அக்கா வந்து கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தார். மூக்கின் மேலிருந்த வளையத்தைப் பார்த்தார். "உனக்கு நான் கூடை போட்டுப் பாக்கத் தேவையில்ல தம்பி. நீ ஏற்கெனவே போட்டுட்டுத்தான் திரியற" என்றார். பிறகு கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். கூடையைத் தனக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைப்பதுபோல வைத்தார். அதில் ஒரு துண்டு ஈரல்.

அந்த மூன்று வாரமும் செகண்ட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் காலை பத்து மணிக்கு அக்கா வந்து உட்கார்ந்துவிடுவார். நாயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நான் வாசல்படியில் இருப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பேசுவார். அக்காவுக்குத் தாடை வலது பக்கம் கோணியிருக்கும். அந்தப் பக்கம் மெல்ல முடியாது. சோற்றைப் பிசைந்து கூழாக்கித்தான் சாப்பிடுவார். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"ஒருத்தன் அடிக்கறப்ப சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு வாயப் பொத்துவான். ஒரு நாள் பொத்துன கையக் கடிச்சிட்டன். நல்லா, எலும்பு வரைக்கும். அதுக்குக் குடுத்தான் இத." தாடையைத் தொட்டுக் காட்டினார். "அதனால கடிக்கற நாயக் கண்டா எனக்குக் கோவம் வராது. அதுக்கு முன்னாடி என்னா நடந்துதுன்னுதான் கேப்பன்."

யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலாவது நாள் தகடு கட்டிலுக்கடியிலிருந்து தவழ்ந்து வந்து அவர் முதுகை முகர்ந்தது. அவர் அசையவில்லை. ஐந்தாவது நாள் கூடைக்குள் தலையை விட்டு ஈரலை எடுத்துக்கொண்டு ஓடியது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "பாத்தியா, பாத்தியா, யாருமே சொல்லல, அதுவா வந்துது" என்று சின்னப் பெண்போல என்னிடம் சொன்னார். அதைப்போல ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.

பிறகு பயிற்சி வெளித் தளத்துக்கு வந்தது. கூடையைக் கிண்ணம்போலப் பிடிப்பார். தகடு மூக்கை உள்ளே விட்டால் ஈரல். மூக்கை வெளியே எடுத்துக்கொண்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். வாரை மாட்டாமல் காதின் மேல் சும்மா வைத்து எடுப்பார். அப்புறம் ஒரு நொடி மாட்டிக் கழற்றுவார். அப்புறம் இரண்டு நொடி. தகடு காலால் கூடையைத் தட்டினால், "நாமதான் அவசரப்பட்டுட்டம்" என்று நேற்றைய இடத்துக்கே திரும்பிப் போய்விடுவார். நாய்க்கு இன்னும் வேண்டும் என்கிற நேரத்தில் நிறுத்திவிடுவார். ஒரு முறை நான் உதவி செய்வதாக நினைத்து, தகட்டின் தாடையைக் கையால் பிடித்தேன். என் மணிக்கட்டில் கரண்டியால் ஓங்கி ஒரு அடி விழுந்தது.

"வாயக் கையால புடிக்காதன்னு எத்தன தடவ சொல்றது? அதுக்கு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நீ புடிச்சிக்கிட்டா அது எங்க போவும்?"

நாள் தவறாமல் பன்னிரண்டு மணிக்கு ஐந்தாவது வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். "ங்ஆ... ங்ஆ..." என்று. அவருடைய கணவர். லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு கிடையாது, இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். சத்தம் வந்ததும் அக்கா ஈரல் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு உள்ளே போவார். ஸ்பூன் பல்லில் இடிக்கும் சத்தம் கேட்கும். கால் மணி நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரும்பவும் கூடையை எடுப்பார்.

ஒரு நாள் என் சட்டை காற்றில் பறந்து அவர் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டது. எடுக்கப் போனவன் உள்ளே பார்த்துவிட்டேன். அக்கா கட்டிலின் மேல் ஒரு முழங்காலை ஊன்றியிருந்தார். இடது கையால் அந்த மனிதரின் மூக்கை அழுத்திப் பிடித்திருந்தார். மூச்சுக்காக வாய் திறந்ததும் கஞ்சியை உள்ளே கொட்டினார். உடனே உள்ளங்கையால் வாயைப் பொத்தி, தொண்டை ஏறி இறங்கும்வரை எடுக்கவில்லை. அந்த மனிதரின் கண்கள் பிதுங்கின. இடது கை காற்றில் எதையோ தேடியது. அந்தக் கையின் ஓரத்தில் பழைய பல் தடம் அரை வட்டமாக இருந்தது.

"இப்பிடித்தான பொத்துவ? இப்பிடித்தான?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். சத்தமாக இல்லை. நாயிடம் பேசுகிற அதே மெதுவான குரலில். மொழி மட்டும் தமிழ்.

நான் சட்டையை எடுக்காமலே திரும்பிவிட்டேன். அவர் வெளியே வந்து, தகட்டின் காதுக்குப் பின்னால் இரண்டு விரலால் தடவி, "பா, ஜாண மரி" என்றார். தகடு வாலை ஆட்டிக்கொண்டு மூக்கைக் கூடைக்குள் விட்டது. வாரைப் பத்து நொடி மாட்டிவைத்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பத்து நொடி.

அவர் கெட்டவர் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் அந்தச் சொல் சரியாக உட்காரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் கூடையை நீட்டும்போது நான் அவர் கையைப் பார்க்கவில்லை.

கமிட்டி வருவதற்கு எட்டு நாள் இருந்தது. அன்று சர்ஜாபூர் பக்கம் ஒரு நாயைப் பார்க்க அக்கா காலையிலேயே போய்விட்டார். போகும்போது, "பன்னண்டு மணிக்குள்ள வந்துருவன். அந்தாளு கட்டில்லருந்து உழுந்துட்டா மட்டும் தூக்கிப் போடு" என்று சாவியைக் கொடுத்தார்.

பன்னிரண்டு ஆனது. அவர் வரவில்லை. "ங்ஆ... ங்ஆ..." என்று ஆரம்பித்தது. பன்னிரண்டரை வரை பொறுத்தேன். பிறகு கதவைத் திறந்து உள்ளே போனேன். கஞ்சி மூடியிருந்தது. ஸ்பூனை எடுத்ததுமே அந்த மனிதர் கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டார். கட்டிலுக்கடியில் தகடு இருந்த மாதிரிதான் இருந்தது.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்பூனில் கொஞ்சம் கஞ்சி எடுத்து, அவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். கை வலித்தது, மாற்றிக்கொண்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஸ்பூன் லேசாக அசைந்தது. திரும்பிப் பார்த்தால், தலையைத் தலையணையிலிருந்து தூக்கி, உதட்டைக் குவித்து, அவரே வாங்கிக்கொண்டிருந்தார். விழுங்கினார். நான் காத்திருந்தேன். திரும்பவும் வாயைத் திறந்தார்.

"ஜாண மரி" என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. என்னைவிட இருபது வயது மூத்த மனிதர். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அவருடைய இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலது கண் செத்துப்போயிருந்தது, அதில் ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் கிண்ணம் காலி. ஒரு பருக்கைகூட மேலே சிந்தவில்லை.

அக்கா இரண்டு மணிக்கு வந்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். நனையாத துண்டைப் பார்த்தார்.

"எப்பிடிக் குடுத்த?"

"சும்மா... தூரமாப் புடிச்சிட்டு ஒக்காந்திருந்தங்க்கா."

"தானா வாயத் தொறந்தானா?"

"ஆமாங்க்கா. பொறுமையாக் குடுத்தா அவரே சாப்புடறாருங்க்கா." எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவருக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதுபோலச் சொன்னேன்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? துன்னுவான்னு நாலு வருஷமாத் தெரியும்."

"அப்பறம் ஏங்க்கா..." என்றேன்.

"நாய் என்னைய ஒண்ணும் பண்ணல தம்பி."

கட்டிலில் கிடந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"இன்னொரு தடவ அந்த ஸ்பூனத் தொட்டன்னா, நான் உன் கூடையத் தொட மாட்டன்" என்றார் அக்கா. கோபமே இல்லை. "எட்டு நாள் இருக்குது. உனக்கு நாய் வேணுமா, அந்தாளு வேணுமா, நீயே சொல்லு. நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டன்."

நானே பழக்கிப் பார்க்கலாமா என்று அன்று ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து முயன்றேன். நான் கூடையை எடுத்ததுமே தகடு பின்வாங்கியது. வாரின் பக்கத்தில் என் விரல் போனதும் பல்லைக் காட்டியது. அக்கா கையில் அது பத்து நிமிஷம் கூடையோடு நடக்கிறது. என் கையில் அது இன்னும் ஸ்கிராப் யார்டில்தான் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஈரலை வேகவைத்து எடுத்துக்கொண்டு தளத்தில் போய் நின்றேன். அக்கா வந்து ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். என் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த எட்டு நாளும் அவர் ஜன்னலைச் சாத்தவில்லை. முன்பெல்லாம் பாதி சாத்தியிருக்கும். இப்போது விரியத் திறந்து வைத்தார். பன்னிரண்டு மணிக்குச் சத்தம் வரும். அக்கா எழுந்து போவார். நான் கூடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் தெரியாமல் தலையைத் தூக்கிவிட்டேன். அந்த மனிதர் கழுத்தை ஜன்னல் பக்கம் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டைக் குவித்து, வாயை மெதுவாகத் திறந்தார். ஸ்பூன் இல்லை, ஒன்றும் இல்லை. திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தது அவருக்கு மறக்கவில்லை.

நான் எழுந்து தகட்டைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். மறுநாளும் அவர் வாயைத் திறந்தார். மூன்றாவது நாளிலிருந்து ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குக் கமிட்டி வந்தது. ஐந்து பேர். கடி வாங்கிய கேஸ்காரரையும் கூட்டிவந்திருந்தார்கள். நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அக்கா கூடையைச் செயலாளரிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க போட்டுப் பாருங்க."

"என்னாம்மா வெளையாடறியா?"

"நீங்கதான போடணும்னு உத்தரவு போட்டீங்க? எப்பிடி இருக்கும்னு தெரிய வேணாமா?"

"போடுங்க சார், ஒரு போட்டோ எடுத்துக்கறம்" என்றார் ஒருவர். "சிறுத்தைக்கு அனுப்பி வெக்கலாம்" என்றார் கேஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் முறைத்துக்கொண்டே கூடையை முகத்துக்கு முன்னால் ஒரு நொடி பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா கூடையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தகடு என் காலடியிலிருந்து எழுந்து, ஆறு புது ஆட்களின் நடுவே நடந்து போய், தானாக மூக்கை உள்ளே விட்டது. வாரை மாட்டினார். அது வாலை ஆட்டியது. ஒரு சங்கிலியை எடுத்து வேண்டுமென்றே தரையில் இழுத்தார். ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தது, அவ்வளவுதான். கேஸ்காரர் பயந்து பயந்து குனிந்து தலையைத் தொட்டார். "அடேங்கப்பா, என்னையே கடிச்ச நாயா இது?" என்றார்.

"சரிப்பா, ஓக்கே. இருந்துட்டுப் போவட்டும்" என்றார் செயலாளர்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ங்ஆ... ங்ஆ..."

"கொஞ்சம் இருங்க, சோறு குடுத்துட்டு வந்தர்றன்" என்று அக்கா உள்ளே போனார். நான் எல்லோருக்கும் டீ ஊற்றினேன். ஸ்பூன் பல்லில் இடித்தது. பிறகு இருமல். சாதாரண இருமல் இல்லை. உள்ளே போனது வெளியே வர வழியில்லாமல் தொண்டைக்குள்ளேயே புரளுகிற இருமல். நின்றது. மறுபடி வந்தது.

"யாருப்பா உள்ள?" என்றார் செயலாளர்.

"அவங்க ஊட்டுக்காரருங்க. நாலு வருஷமாப் படுத்த படுக்கைங்க."

"நாலு வருஷமாவா? பாவம், புண்ணியவதி. இந்தக் காலத்துல எவ செய்வா?" டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீ பக்கத்து ஊடுதான? நல்லாப் பாத்துக்கறாங்களா?"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். கேஸ்காரரும் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது. தகடு கூடையோடு என் காலில் தலையைச் சாய்த்திருந்தது.

"நல்லாப் பாத்துக்கறாங்க சார்" என்றேன்.

இருமல் நின்றிருந்தது. அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கிண்ணத்தில் மிச்சமிருந்த கடைசி ஈரல் துண்டை எடுத்து, கூடைக் கம்பிக்கு நடுவே தகட்டுக்கு ஊட்டினார். "ஜாண மரி" என்றார். அப்போது அவர் பார்த்தது நாயை இல்லை, என்னை.

மறுநாள் காலை அவருடைய கணவர் இறந்துபோனார். மூச்சுத் திணறல் என்று சொன்னார்கள். சங்கத்தார் ஷாமியானாவும் நாற்காலியும் அனுப்பினார்கள். சாயங்காலம் எடுக்கும்வரை நிறையப் பேர் வந்து போனார்கள். தகடு கூடையைப் போட்டுக்கொண்டு என் வாசலில் படுத்திருந்தது. யாரையும் கடிக்கவில்லை.